பிணம் விழாத நாவல்

துப்பறியும் நாவலென்றால் எழும்பூரில் ரயில் ஏறியதும் பிரித்து, விழுப்புரம் வருவதற்குள் மூடிவிட வேண்டும் என்று நம்மில் பலருக்கு ஒரு தீர்மானம். மாத நாவல்கள் பழக்கிய ருசி அது, அதில் குற்றமில்லை. அதையே சட்டமாக்கி, தடித்த துப்பறியும் நாவலைக் கண்டதும் “வளவளவென்று இழுக்கிறார்கள், கடைசி அத்தியாயம் போதும்” என்கிறார்களே, அதுதான் எரிச்சல்.

டாரதி சேயர்ஸ் 1935இல் எழுதிய ‘காடி நைட்’டை நண்பரிடம் கொடுத்தேன். நூறு பக்கத்தோடு திரும்பி வந்தது. “இன்னும் ஒரு பிணம்கூட விழலையே சார்!”

கடைசிவரை விழாது. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பெண்கள் கல்லூரி. யாரோ மொட்டைக் கடிதம் போடுகிறார்கள். பேராசிரியை ஒருவரின் புரூஃபைப் பாழாக்குகிறார்கள். துப்புத் துலக்க வருபவள் பழைய மாணவி ஹாரியட் வேன். மற்றபடி பேச்சு, பேச்சு, பேச்சு.

அந்தப் பேச்சுக்குத்தான் ‘இட்டு நிரப்பல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஓர் இரவு, சேயர்ஸின் நாவல் வரிசையின் துப்பறிவாளன் பீட்டர் விம்ஸி பேராசிரியைகளின் வாயைக் கிளறுகிறான். தன் முடிவுக்கு எதிரான ஆவணத்தை மறைத்த ஆய்வாளனை, அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தாலும், அம்பலப்படுத்தலாமா? அப்படி ஒருவனைத் தானே அம்பலப்படுத்திய கதையைச் சொல்கிறாள் ஒருத்தி. குற்றத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. பக்கம் தள்ளியவர் துப்பையே தள்ளிவிட்டார்.

படித்த பெண்கள்மீதுதான் குற்றவாளிக்கு ஆத்திரம். எழுதிய சேயர்ஸோ, ஆக்ஸ்ஃபோர்டு 1920இல் பெண்களுக்கு முதன்முதலாகப் பட்டம் கொடுத்தபோது வாங்கியவர்களில் ஒருவர். கல்லூரிப் பேச்சை அவர் சும்மா வளர்க்கவில்லை.

வரிசையில் முந்தைய நாவல்கள் எதற்கு என்றும் கேட்கிறார்கள். 1930இல் வந்த ‘ஸ்ட்ராங் பாய்சன்’ நாவலில், காதலனுக்கு ஆர்சனிக் கொடுத்ததாகச் சிறையிலிருக்கும் ஹாரியட்டை முதன்முதலாகச் சந்திக்கும்போதே பீட்டர் கல்யாணம் பேசுகிறான். உயிரைக் காப்பாற்றியவனுக்கு நன்றிக்கடனாகக் கழுத்தை நீட்ட அவளுக்கு மனமில்லை. ஐந்து வருஷம் இழுக்கிறது. ‘காடி நைட்’டில் ஆற்றுப் படகில் அவன் தூங்கிப்போகிறான், அவள் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நிகழ்வென்று எதுவுமில்லை. அதை வெட்டினால், கடைசியில் அவள் சொல்லும் சம்மதம் வெறும் சினிமா சுபம்.

முடிச்சு தெரிந்தால் நாவல் செத்தது என்பவர்களுக்கு: கடிதம் எழுதியவள் கல்லூரிப் பணிப்பெண் ஆனி, அந்த ஆய்வாளனின் விதவை. சொல்லிவிட்டேன். இனி முதல் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள்.