காரணத்தோடு நகரட்டும் படம்

வரவேற்பு, அறுபதாம் கல்யாணம், பணி ஓய்வு விழா என்று எந்த மண்டபத்துக்குப் போனாலும் மேடையோரம் ஓர் எல்இடி திரை நிற்கிறது. அதில் பழைய போட்டோக்கள் வரிசையாக வருகின்றன. ஒன்றுகூடச் சும்மா இருப்பதில்லை. ஒன்று முன்னால் பாய்கிறது, அடுத்தது பின்வாங்குகிறது, மூன்றாவது பக்கவாட்டில் வழுக்குகிறது. தாத்தாவின் முகத்துக்குப் போகும் என்று பார்த்தால், அவர் தலைக்கு மேல் தொங்கும் காலண்டரில் போய் நிற்கிறது. ஸ்டூடியோக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. இருநூறு படங்களை முந்தின நாள் ராத்திரி கொண்டுபோய்க் கொடுத்தால், அவர் 'ஆட்டோ'வைத்தான் தட்டுவார். சாஃப்ட்வேருக்குத் தாத்தாவும் ஒன்றுதான், காலண்டரும் ஒன்றுதான்.

இந்த எஃபெக்ட்டுக்கு கென் பர்ன்ஸ் என்ற அமெரிக்க ஆவணப்பட இயக்குநரின் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. 1990-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த அவருடைய 'தி சிவில் வார்' தொடர், 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரைப் பற்றியது. அந்தக் காலத்தில் சினிமாவே கிடையாது. கையில் இருந்ததெல்லாம் அசையாத புகைப்படங்கள். அவற்றின் மேல் கேமராவை மெதுவாக நகர்த்தித்தான் பல மணி நேரக் கதையைச் சொன்னார். 2003-இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஐமூவி மென்பொருளில் இந்த வசதியை அவர் பெயரிலேயே சேர்த்தது. அதற்குமுன் ஸ்டீவ் ஜாப்ஸ் அவரிடம் பேசிச் சம்மதம் வாங்கியிருந்தார்.

உத்தி அவர் கண்டுபிடித்ததல்ல. அவரே அப்படிச் சொல்லிக்கொண்டதும் இல்லை. 1957-இல் கனடாவில் காலின் லோ, வுல்ஃப் கோனிக் இருவரும் எடுத்த 'சிட்டி ஆஃப் கோல்ட்' குறும்படத்தை அவர் முன்னோடியாகச் சொல்லியிருக்கிறார். தங்கம் தேடி டாசன் நகரத்துக்குக் கிளம்பிய கூட்டத்தைப் பழைய போட்டோக்களை வைத்தே சொன்ன படம் அது. இவர்கள் யாரும் அசைவுக்காக அசைக்கவில்லை. பார்ப்பவர் முதலில் எதைக் காண வேண்டும், எதைக் கடைசியில் காண வேண்டும் என்று முடிவுசெய்த பிறகே கேமராவைத் தொட்டார்கள்.

நம் வீட்டுப் படத்துக்கும் அதே கணக்குதான். ஒரு கறுப்பு வெள்ளைக் குடும்பப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் பெரியவர்கள், பின்னால் நிற்கும் மருமகள்கள், தரையில் சம்மணமிட்ட குழந்தைகள். அறுபதாம் கல்யாண மாப்பிள்ளை, தரையில் ஓரமாக அரை டிராயரோடு உட்கார்ந்திருக்கிறார். முழுப் படத்தில் தொடங்கி அந்தப் பையனிடம் போய் நின்றால், கூட்டத்தில் ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்த மாதிரி இருக்கும். பையனிடம் தொடங்கிப் பின்வாங்கினால், இத்தனை பேருக்கு நடுவே வளர்ந்தவர் இவர் என்று சொல்லும். படம் ஒன்றுதான், கதை வேறு. எந்தக் கதை வேண்டும் என்பதை எந்த மென்பொருளும் சொல்லித் தராது. வீட்டு மனிதர்களுக்குத்தான் தெரியும்.

ஜூம் செய்வதற்குப் படத்தில் சரக்கு இருக்க வேண்டும். ஃபுல் எச்டி திரையின் அகலம் 1,920 புள்ளிகள். படத்தின் பாதியை மட்டும் திரை முழுக்கக் காட்ட வேண்டுமானால், படம் 3,840 புள்ளி அகலமாவது இருந்தால்தான் முகம் தெளிவாக இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் வந்து சேர்ந்த படம் இதற்குத் தாங்காது. மூக்கும் முழியும் கலங்கிப்போகும். ஆல்பத்தில் இருக்கும் ஆறு அங்குலப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 3,600 புள்ளிகள் கிடைக்கும். சற்றுக் குறைவுதான், ஆனாலும் பெரும்பாலும் அது போதும்.

வேகமும் முக்கியம். நகர்வு சட்டென்று கிளம்பி சட்டென்று நின்றால் கண் திடுக்கிடும். மெல்லக் கிளம்பி மெல்ல அடங்க வேண்டும். நின்றபடி எடுத்த உயரமான படம் அகலத் திரைக்குள் அடங்காது. அதைக் காலிலிருந்து முகத்துக்கு ஏற்றுவது நல்ல வழி; முகத்தில் தொடங்கிச் செருப்பில் முடிப்பது யாருக்கும் மரியாதையில்லை.

ஸ்டூடியோவுக்குப் போகும்போது இருநூறு படங்களைக் கொட்டாதீர்கள். நாற்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் பத்துக்கு மட்டும் எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மற்ற முப்பதும் அசையாமல் நிற்கட்டும். நல்ல படத்தைச் சும்மா பார்க்கவும் நமக்குத் தெரியும்.