பிளாக் யார் கையில்?

அடையாள அட்டையில் இருக்கும் என் போட்டோவைப் பார்த்த நண்பர், "இது யாரு, உங்க பெரியப்பாவா?" என்றார். நொந்துபோனேன். 1493-ல் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் அச்சான ஒரு புத்தகத்தைப் பற்றிப் படித்த பிறகுதான் மனசு ஆறியது.

ஹார்ட்மன் ஷேடல் எழுதிய உலக சரித்திரம் அது. உள்ளே 1,800-க்கும் மேல் படங்கள். செதுக்கிய மர பிளாக்குகளோ சுமார் 650தான்! இங்கே ஒரு ராஜா, சில பக்கம் தள்ளி அதே மூஞ்சியில் வேறொரு ராஜா. பேர் மட்டும் மாறும். செலவு மிச்சம்!

அதில் கிரேக்கப் புராணத்து மாயக்காரி கிர்க்கியும் உண்டு. கப்பலில் யுலிஸஸின் ஆட்கள் மிருகத் தலையோடு நிற்க, அம்மணி அந்தக் காலத்து ஜெர்மன் சீமாட்டி மாதிரி டிரெஸ் போட்டிருப்பார். ஓவியர் கிரேக்கத்துக்கா போனார்? தெருவில் பார்த்ததை வரைந்துவிட்டார்.

டிரெஸ் மாறினால் பரவாயில்லை. கதையே மாறினால்?

இத்தாலியின் பொக்காச்சியோ 106 பெண்களைப் பற்றி எழுதிய புத்தகத்தை, 1473-ல் உல்ம் நகரில் யோஹான் சைனர் படங்களோடு அச்சிட்டார். அதில் மெடியாவும் ஒருத்தி. (பேப்பர், டி.வி. மீடியா இல்லை சார்!) ஜேசனுக்குத் தங்கக் கம்பளி கிடைக்க உதவி, அவன் கைவிட்டதும் பெற்ற பிள்ளைகளையே கொன்றவள். பொக்காச்சியோவுக்கு அவள் கொடூரத்தின் மொத்த உருவம்.

பாரீஸில் கிறிஸ்டீன் த பிசான் என்ற பெண்மணி 1405-லேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார். அவருடைய மெடியா மூலிகை தெரிந்த படிப்பாளி, காதலில் உறுதியானவள். கொலையைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் அந்தப் புத்தகம் அச்சேறியது 1521-ல். அதுவும் லண்டனில், இங்கிலீஷில். அதற்குள் பொக்காச்சியோவின் மெடியா, படத்தோடு ஊரெல்லாம் சுற்றி வந்துவிட்டாள்.

இவரும் பாதி சொன்னார், அவரும் பாதி சொன்னார். முதலில் பிளாக் கிடைத்த பாதி ஜெயித்தது.

ஆகவே இளைஞர்களே, ஆபீஸ் கேன்டீனில் எவராவது "அந்தப் பொண்ணு எப்படித் தெரியுமா?" என்று ஆரம்பித்தால், டீயை ஆற்றியபடி ஒன்று கேளுங்கள்: "பிளாக் செதுக்கினது யாருப்பா?"

என் போட்டோ விஷயம்? பெரியப்பாதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன்.