அரைக் கரண்டி மாவு

காய்களைப் பச்சையாக நறுக்கி, உப்பும் எலுமிச்சை ரஸமும் பிசிறி உண்பது நாம் அறிந்த வழக்கம். அமெரிக்க இல்லங்களிலோ 'ஸாலட்' என்றால் அதன் மேல் வார்ப்பதற்கு 'டிரெஸ்ஸிங்' ஒன்று வேண்டும். பால், முட்டை மஞ்சட்கரு, கடுகுத் தூள், வினிகர் இவற்றைச் சேர்த்துக் காய்ச்சுவது அதில் ஒரு வகை. 1896-ல் பாஸ்டன் நகரத்து பானி பார்மர் அம்மையார் வெளியிட்ட சமையல் நூலிலும் அது உண்டு. கெட்டிப்படுவதற்காக அரைக் கரண்டி கோதுமை மாவும் சேரும்.

அரைக் கரண்டி மாவு என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். ஸீலியாக் என்னும் நோய் உடையவர்களுக்கு அதுவே போதும். கோதுமையிலுள்ள குளூட்டென் என்ற புரதம் அவர்களுடைய சிறுகுடலைப் புண்படுத்திவிடுகிறது. நோயுற்ற குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்து, கோதுமையே காரணம் என்று 1950-ல் தம் ஆராய்ச்சி நூலில் எடுத்துக் காட்டியவர் ஹாலந்து தேசத்து டாக்டர் டிக்கெ.

மாற்று வழி எளிது. கடைகளில் 'கார்ன்பிளார்' என்று விற்கும் மக்காச்சோள ஸ்டார்ச்சை உபயோகிக்கலாம். அது அநேகமாக முழுதும் ஸ்டார்ச்சே ஆதலால், கோதுமை மாவின் அளவில் பாதி போதும். ஆரோரூட் மாவும் ஆகும். ஆனால் பாலுடன் சேர்ந்தால் அது வழவழத்துப் போகும்.

மாவை நேரே சூட்டில் போட்டால் கட்டி தட்டும். முதலில் குளிர்ந்த பாலில் கரைத்து, மஞ்சட்கருவையும் கடுகையும் அடித்துச் சேர்த்து, இளந்தீயில் கிளறிவர வேண்டும். மஞ்சட்கருவிலுள்ள ஒரு பொருள் ஸ்டார்ச்சை இளக்க வல்லது; ஆகையால் கொதி கண்டு ஒரு நிமிஷமாவது கழிந்த பிறகே இறக்கலாம்.

வினிகரைச் சேர்ப்பது இறக்கிய பின்புதான். நாம் முதல் தடவை அவசரப்பட்டு அதையும் உடன் ஊற்றி நெடுநேரம் கொதிக்க வைத்தோம். கிடைத்தது டிரெஸ்ஸிங் அல்ல, ரஸம்! புளிப்பும் சூடும் கூடினால் ஸ்டார்ச்சின் நீண்ட சங்கிலிகள் அறுந்து போகின்றன என்பதை அன்று அனுபவத்தில் கற்றோம்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. சில கடுகுத் தூள்களில் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு. டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குவது நலம்.

பந்தியில் ஒருவர் மட்டும் கை கட்டி உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் உண்பது விருந்தாகுமா? அரைக் கரண்டி மாவை மாற்றிவிட்டால் அவரும் நம்முடன் கை நனைக்கலாம்.