ஆகாயத்தில் நோயாளி: செலவு யார் தலையில்?

2023-ம் வருஷம் மார்ச்சு 13-ந் தேதி டில்லியிலிருந்து டோஹாவுக்குப் புறப்பட்ட இண்டிகோ கம்பெனியின் ஆகாய விமானம் நடுவழியில் கராச்சியில் இறங்கிற்று. பிரயாணிகளில் நைஜீரியா தேசத்தவர் ஒருவருக்குத் திடீரென்று உடல்நிலை கெட்டதே காரணம். இறங்கியபின் பரிசோதித்த வைத்தியர்கள் அவர் உயிர் பிரிந்துவிட்டதாகக் கூறினார்கள். 2021 மார்ச்சில் ஷார்ஜாவிலிருந்து லக்னோவுக்கு வந்த விமானமும் இவ்விதமே கராச்சிக்குத் திரும்பிற்று. அந்தப் பிரயாணியும் பிழைக்கவில்லை. இரு சர்க்கார்களுக்கும் பேச்சுவார்த்தையே அற்றிருந்த காலத்தில் அந்நிலையத்தின் கதவு திறந்ததென்பதை நாம் நன்றியுடன் குறிப்பிடுகிறோம்.

நிற்க, இத்தகைய சம்பவங்களையொட்டி ஒரு கேள்வி கிளம்புகிறது. வக்கீல் நண்பரொருவர் நம்மிடமே வாதித்தார்: "ஒருவருடைய மார்வலிக்காக இருநூறு பேருடைய நாள் பாழாகிறது, கம்பெனிக்கும் பெருநஷ்டம். உடம்பை அறியாமல் ஏறியவரே செலவைக் கட்டட்டுமே!" கேட்பதற்கு நியாயம்போல் தொனிக்கும் இவ்வாதத்தை நாம் அடியோடு மறுக்கிறோம்.

செலவு அற்பமென்று நாம் சொல்ல வரவில்லை. தூரதேசம் செல்லும் பெரிய விமானம் எண்ணெய்ச் சுமையுடன் உடனே இறங்கலாகாது. எண்ணெயை ஆகாயத்திலேயே கொட்ட வேண்டும், அல்லது அதிக பாரத்துடன் இறங்கிப் பின்னர் சோதனைக்கு உட்பட வேண்டும். இறங்கு கட்டணம், மறுபடி எண்ணெய், வேலைநேரம் கடந்துவிட்ட விமானிகளுக்குப் பதிலாள், பிரயாணிகளுக்குத் தங்குமிடம் என்று கணக்கு நீளும். ஆனால் இது எத்தனை தடவை நேருகிறது? 2013-ல் அமெரிக்க வைத்தியப் பத்திரிகையொன்றில் வெளியான ஆராய்ச்சியின்படி, 604 பிரயாணங்களுக்கு ஒன்றில்தான் எவருக்கேனும் நோய் காண்கிறது. அவற்றிலும் நூற்றுக்கு ஏழே வழிமாறி இறங்கின. அதாவது எட்டாயிரத்துச் சொச்சம் பிரயாணங்களுக்கு ஒன்று. அத்தனை விமானங்களின் டிக்கெட்டுகளில் பரவும்போது தலைக்கு விழுவது என்னவென்று நண்பரே கணக்கிட்டுக் கொள்ளலாம். நாமக்கல் லாரி முதலாளிகளுக்கு இன்ஷ்யூரன்ஸ் தத்துவத்தை நாம் போதிக்க வேண்டியதில்லை.

சட்டமும் நம் பக்கமே நிற்கிறது. குடித்துக் கலகம் செய்யும் பிரயாணியிடமிருந்து செலவை வசூலிக்க வழக்காடும் உரிமையை, 1963-ம் வருஷத்து டோக்கியோ உடன்படிக்கைக்கு 2014-ல் மாண்ட்ரீலில் செய்யப்பட்ட திருத்தம் ஏற்றுக்கொள்கிறது. அது ஒழுங்கீனத்துக்கு; நோய்க்கன்று. கப்பல் சட்டம் இன்னும் பழையது. 1880-ல் ஸ்காரமாங்கா என்பவருக்கும் ஸ்டாம்ப் என்பவருக்கும் நடந்த வழக்கில், உயிரைக் காக்கக் கப்பல் வழிவிலகுவது குற்றமன்று, பொருளைக் காக்க விலகுவதே குற்றமென்று இங்கிலாந்து நியாயாதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ரயிலிலும் அப்படியே. 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 141-வது பிரிவு தக்க காரணமின்றிச் சங்கிலியை இழுப்பவரையே தண்டிக்கிறது. ஈரோட்டைத் தாண்டியதும் மூர்ச்சையானவருக்காகச் சங்கிலி இழுத்தால் எஞ்சின் கரிக்கு எவரும் பில் அனுப்புவதில்லை. (கரி போய் மின்சாரம் வந்துவிட்டது, நியாயம் மாறவில்லை.)

நோயாளி மீது செலவைச் சுமத்தினால் விளைவு யாது? மார்வலி கண்டவர் வாய்திறக்க மாட்டார். அருகிலிருக்கும் மனைவியும் பயந்து மௌனமாயிருப்பாள். வைத்தியர் தடுத்தும் அதை மறைத்து ஏறுகிறவர்களும் உண்டென்பது மெய். அவ்வழக்கைத் தரையில் நியாயஸ்தலத்தில் நடத்திக்கொள்ளலாம். முப்பதினாயிரம் அடி உயரத்தில் விசாரிக்க முடியாது.

உண்மையில் கவலைக்குரியவர் கம்பெனியாருமல்லர், சகபிரயாணிகளுமல்லர். ராசிபுரத்திலிருந்தோ ஆத்தூரிலிருந்தோ வளைகுடா நாட்டுக்குக் கூலிவேலைக்குச் சென்று திரும்பும் ஓர் ஏழையை எண்ணிப் பாருங்கள். வழியில் அன்னிய நகரத்தில் இறக்கப்படுகிறார். விமானம் போய்விடுகிறது. பாஷை தெரியாது, ஆஸ்பத்திரி பில் அவர் பெயரில். 1999-ம் வருஷத்து மாண்ட்ரீல் உடன்படிக்கை நமது தேசத்தில் 2009-ல் அமுலுக்கு வந்தது. அதன்படி கம்பெனி ஜவாப்தாரியாவது "விபத்து"க்கு மட்டுமே. விபத்தாவது பிரயாணிக்குப் புறம்பான அசாதாரண நிகழ்ச்சியென்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985-ல் வியாக்கியானம் செய்தது. சொந்த இருதயம் நின்றால் அது விபத்தாகாது. சர்க்கார் 2003-ல் ஏற்படுத்திய பிரவாசி பாரதீய பீமா திட்டத்திலும் பத்து லக்ஷ ரூபாய் என்று பெரிதாய்ச் சொல்லப்படுவது விபத்து மரணத்துக்கும் ஊனத்துக்குமே. வழியில் இறக்கப்படும் நோயாளியின் வைத்தியச் செலவு முழுவதையும், அவரும் ஓர் உறவினரும் ஊர்திரும்பும் செலவையும் அத்திட்டத்திலேயே தெளிவாகச் சேர்க்க வேண்டுமென்று வற்புறுத்துகிறோம். இரண்டொரு நூறு ரூபாய்ச் சந்தா சிறிது உயர்ந்தால் உயரட்டும்.

விமானத்தில் உதவ எழும் வைத்தியருக்கும் பாதுகாப்பு வேண்டும். 2023 ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து டில்லி சென்ற விமானத்தில் மூச்சு நின்ற சிறு குழந்தையை, உடன் பிரயாணம் செய்த ஐந்து வைத்தியர்கள் நாகபுரி சேரும்வரை காத்தார்கள். சில நாட்களில் அக்குழந்தை ஆஸ்பத்திரியில் இறந்தது. சாலை விபத்தில் உதவுவோருக்கு 2019-ம் வருஷத்து மோட்டார் சட்டத் திருத்தம் காப்பளிக்கிறது. அமெரிக்கர் 1998-லேயே விமானத்துக்கும் சட்டம் செய்தனர். அத்தகைய வெளிப்படையான விதி நமக்கும் தேவை.

நமது சேலம் காமலாபுரம் நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டரே. சிறு விமானங்களுக்குப் போதும். நம் தலைக்குமேல் பறக்கும் பெரிய விமானத்தின் நோயாளி கோயம்புத்தூரோ பெங்களூரோதான் போக வேண்டும். வடமேற்கிலோ வேறு தொல்லை: 2025 ஏப்ரலில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றன் விமானங்களுக்கு மற்றொன்று வான்வழியை மூடின. அத்தகைய காலங்களிலும் நோயாளியை இறக்க வரும் விமானத்துக்கு விலக்குண்டு என்பதை இரு சர்க்கார்களும் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். நமது விமான இலாகா மந்திரி அதைப் பார்லிமெண்டில் முதலில் சொல்லட்டும்.