வயது கேளாத பிரீமியம்

“இருபத்தைந்து வயதாக இருப்பது ஒரு குற்றமா, மாமா?” என்று கேட்டுக்கொண்டே சென்ற ஞாயிற்றுக்கிழமை என் சகோதரியின் குமாரன் வீட்டுக்குள் நுழைந்தான். பையன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் உத்தியோகம் பார்க்கிறவன். வாரத்துக்கு ஒருமுறை தருமபுரிக்கு வந்து தாயாரைப் பார்த்துவிட்டுப் போவான். பஸ்ஸில் நின்று நின்று கால் வலித்ததாலோ, அல்லது வாலிபத்துக்கு இயல்பான ஆசையாலோ, இரண்டு வருஷமாய்ச் சேர்த்த பணத்தைப் போட்டுச் சேலத்தில் ஒரு பழைய மோட்டார் காரை மூன்று லட்ச ரூபாய்க்குப் பேசி முடித்திருந்தான். வண்டிக்கு நான்கு வயது. எஞ்சின் 1,200 சி.சி.

“வண்டிக்கென்ன, வாங்கிவிட்டேன். இன்ஷியூரன்ஸை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. இங்கிலாந்தில் என்னைப்போன்ற சிறு வயதுக்காரர்களிடம் பெரியவர்களைவிட எவ்வளவோ மடங்கு அதிகமாகப் பிரீமியம் வாங்குகிறார்களாமே?” என்றான்.

அவன் கேள்விப்பட்டது பொய்யல்ல. இங்கிலாந்தில் வண்டியோட்டுகிறவனுடைய வயது, தொழில், குடியிருக்கும் தெரு எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தே பிரீமியத்தை நிர்ணயிக்கிறார்கள். ஆண், பெண் என்ற வித்தியாசம் மட்டும் பார்க்கக்கூடாதென்று ஐரோப்பிய நீதிமன்றம் 2011-ல் தீர்ப்புச் சொல்லிற்று. வயது வித்தியாசத்தை விட்டுவிட்டது. ஆகவே அங்கே இருபது வயதுப் பையனுக்கு வண்டியின் விலையைவிட இன்ஷியூரன்ஸே பெரும் பாரமாகிவிடுவதும் உண்டு.

ஆனால் தருமபுரி, லண்டன் அல்லவே! நம் தேசத்தில் இந்த விஷயம் வேறு வழியில் வளர்ந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் வாலிபர்களுக்குப் பயமும் குறையும்; பணமும் மிஞ்சும். பையனுக்குச் சொன்னதையே நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

மோட்டார் இன்ஷியூரன்ஸில் இரண்டு பகுதிகள் உண்டு. நம் வண்டியால் பிறருக்கு நேரும் சாவுக்கும் காயத்துக்கும் நஷ்டத்துக்கும் ஈடு கொடுப்பது ஒன்று. இதை “மூன்றாம் நபர்” இன்ஷியூரன்ஸ் என்கிறார்கள். நம் சொந்த வண்டிக்கு வரும் சேதத்துக்கும் திருட்டுக்கும் ஈடு பெறுவது மற்றொன்று. முதலாவது கட்டாயம், இரண்டாவது நம் இஷ்டம்.

கட்டாயம் என்பது நேற்று வந்ததல்ல. 1939-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் விதிக்கப்பட்டு, 1946 ஜூலை 1-ந் தேதி முதல் அமுலுக்கு வந்தது. இப்போது நடைமுறையில் இருக்கும் 1988-ம் வருஷத்துச் சட்டத்தின் 146-வது பிரிவும் அதையே சொல்கிறது. இன்ஷியூரன்ஸ் இல்லாமல் வண்டியோட்டினால் முதல் தடவை ரூ. 2,000 அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறு தடவை அபராதம் ரூ. 4,000.

இந்த மூன்றாம் நபர் பிரீமியத்தைக் கம்பெனிகள் தம் இஷ்டம்போல் வைக்க முடியாது. மத்திய சர்க்கார் அட்டவணை போட்டு அறிவிக்கிறது. 2022 ஜூன் 1-ந் தேதி அமுலான அட்டவணையின்படி, சொந்த உபயோகத்துக்கான கார் 1,000 சி.சி. வரை இருந்தால் வருஷத்துக்கு ரூ. 2,094, அதற்கு மேல் 1,500 சி.சி. வரை ரூ. 3,416, அதற்கும் மேற்பட்டால் ரூ. 7,897. இவற்றின்மேல் நூற்றுக்கு 18 வீதம் வரி உண்டு. அட்டவணை அவ்வப்போது மாறக்கூடியதாகையால், பணம் கட்டும் நாளில் உள்ள விகிதத்தைப் பார்த்துக்கொள்வது நலம்.

“இதில் உன் வயது எங்கே வருகிறது, காட்டு பார்க்கலாம்!” என்றேன். பையன் அட்டவணையை இரண்டு தரம் மேலும் கீழும் பார்த்தான். எஞ்சினின் அளவு இருந்தது, வயது இல்லை. இருபத்தைந்து வயதுக்காரனும் அறுபது வயதுக்காரரும் ஒரே தொகைதான் கட்டவேண்டும்.

சொந்தச் சேதப் பகுதியில் மட்டும் 2007-ம் வருஷ ஆரம்பத்திலிருந்து கம்பெனிகளுக்கு விலை வைக்கும் சுதந்திரம் கிடைத்தது. என்றாலும், 2002-ல் ஏற்பட்ட பழைய அட்டவணையின் வழக்கம் இன்னும் போய்விடவில்லை. வண்டியின் மதிப்பு, வண்டியின் வயது, எஞ்சினின் அளவு, பதிவான ஊர் ஆகியவையே அதில் முக்கியம். சென்னை, பெங்களூர் முதலிய எட்டு நகரங்கள் ஒரு வகை. தருமபுரி உட்பட மற்ற ஊர்களெல்லாம் வேறு வகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட, 1,000-க்கு மேல் 1,500 சி.சி. வரையுள்ள காருக்குப் பெருநகரத்தில் மதிப்பில் நூற்றுக்கு 3.283 என்றும், நம் ஊரில் 3.191 என்றும் அந்த அட்டவணை வைத்திருந்தது. மூன்று லட்ச ரூபாய் வண்டிக்கு நம் ஊர்க் கணக்கில் ரூ. 9,573 ஆகிறது. இந்தப் பகுதியில்தான் பேரம், தள்ளுபடி, தந்திரம் எல்லாம்.

தந்திரம் என்றதும் பையன் ஒரு சங்கதியை மெல்ல வெளியிட்டான். வண்டியை விற்றவர் பல வருஷமாக நஷ்டஈடு எதுவும் கேட்காதவர். ஆகையால் அவருடைய பாலிஸியில் நூற்றுக்கு 45 தள்ளுபடி போட்டிருந்தது. “அதையே உங்கள் பெயருக்கும் போட்டுவிடுகிறேன், ரூ. 4,300 மிச்சமாகும், யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?” என்று ஒரு ஏஜெண்டு ஆசை காட்டியிருக்கிறார்.

நான் பையனை நிமிர்ந்து பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

இந்தத் தள்ளுபடி விஷயத்தில் பலரும் ஏமாந்துபோகிறார்கள். நஷ்டஈடு கேட்காத வருஷங்களுக்காகக் கிடைக்கும் இச்சலுகை மனிதனுக்கு உரியது, வண்டிக்கு உரியதல்ல. விற்றவர் அதைத் தம்முடன் எடுத்துச்சென்று, அடுத்து வாங்கும் காரில் உபயோகித்துக்கொள்வார். வாங்கியவன் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கவேண்டும். பொய்யாக எழுதிக்கொடுத்துச் சலுகை பெற்றால், பின்னால் விபத்து நேர்ந்து கம்பெனி விசாரிக்கும்போது, சொந்தச் சேதத்துக்கான பாதுகாப்பு முழுவதும் பறிபோகும். ரூ. 4,300 மிச்சம் பிடிக்கப்போய் மூன்று லட்சத்தை இழப்பது சிக்கனமாகுமா?

இன்னொன்று. பழைய வண்டி கை மாறும்போது மூன்றாம் நபர் பாதுகாப்பு சட்டப்படி தானாகவே புதிய உரிமையாளரைச் சேர்ந்துவிடுகிறது. ஆனால் சொந்தச் சேதப் பாதுகாப்பு அப்படிச் சேராது. பதினான்கு நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பெயர் மாற்றிக்கொள்ளவேண்டும். விற்றவரும் அசட்டையாக இருக்கலாகாது. பதிவுப் புத்தகத்தில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் சகோதரி, “அண்ணா, ஊருக்கும் ஓசூருக்குமாக வாரம் ஒரு நாள் ஓடப்போகிற வண்டி. ஒன்றும் நடக்காவிட்டால் இத்தனை பணமும் வீண்தானே? இரண்டு மாதம் பொறுத்துக் கட்டினால் என்ன?” என்றாள்.

நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்குமுன் அவளைத் தொப்பூர்க் கணவாயை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். சேலத்திலிருந்து அந்த வண்டி நம் ஊருக்கு வரவேண்டிய வழி அது. அங்கே லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதி உயிர்கள் போன செய்தியை நம் ஜில்லாவில் அறியாதவர் இல்லை. கணவாய் மட்டுமென்ன? நெடுஞ்சாலையின் குறுக்கே பால் பாத்திரத்துடன் கடந்து போகிறவன் எந்தக் கிராமத்தில் இல்லை?

அப்படி ஒருவன் நம் வண்டியில் அடிபட்டு இறந்தான் என்று வைத்துக்கொள்வோம். வயது இருபத்தெட்டு, மாத வரும்படி ரூ. 15,000, வீட்டில் மனைவியும் இரண்டு குழந்தைகளும். நீதிமன்றங்கள் நஷ்டஈட்டைக் கணக்கிடும் முறை 2009, 2017 ஆகிய வருஷங்களில் சுப்ரீம் கோர்ட்டு அளித்த இரு தீர்ப்புகளால் நிலைப்பட்டிருக்கிறது. வருங்கால உயர்வுக்காக நூற்றுக்கு 40 கூட்டினால் மாதம் ரூ. 21,000. வருஷத்துக்கு ரூ. 2,52,000. அவனுடைய சொந்தச் செலவென்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் ரூ. 1,68,000. அவன் வயதுக்கு உரிய பெருக்கெண் 17. ஆகமொத்தம் ரூ. 28,56,000. ஈமச்செலவு முதலியவை தனி.

இன்ஷியூரன்ஸ் இருந்தால் இத்தொகையைக் கம்பெனி கொடுக்கும். சாவுக்கும் காயத்துக்கும் அதன் பொறுப்புக்கு உச்ச வரம்பு இல்லை. இன்ஷியூரன்ஸ் இல்லாவிட்டால் உரிமையாளன் கொடுக்கவேண்டும். வீடும் நிலமும் ஜப்திக்கு வரும். வீடும் நிலமும் இல்லாதவனாயிருந்தால், இறந்தவனுடைய மனைவி தீர்ப்புக் காகிதத்தை வைத்துக்கொண்டு வெறுங்கையுடன் நிற்பாள். இரண்டு குடும்பங்கள் அழியும். சகோதரி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

இந்தக் கஷ்டத்தை நன்கு உணர்ந்தவர் கோயம்புத்தூர் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன். சாலை விபத்துக்களைப்பற்றி அவர் 2012-ல் சுப்ரீம் கோர்ட்டில் தொடுத்த வழக்கின் பயனாகவே, 2018 செப்டம்பர் 1-ந் தேதி முதல் புதுக் காருக்கு மூன்று வருஷத்துக்கும், புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்து வருஷத்துக்கும் மூன்றாம் நபர் இன்ஷியூரன்ஸ் சேர்த்து எடுக்கவேண்டுமென்ற ஏற்பாடு வந்தது. அந்தத் தவணை முடிந்த பழைய வண்டிகளில்தான் அசட்டை அதிகம்.

சரி, நேர்வழியில் செலவைக் குறைப்பது எப்படி?

முதலாவது, குறைந்தது மூன்று கம்பெனிகளிடம் விலை கேட்கவேண்டும். 1973-ல் தேசியமயமானபோது நான்கு சர்க்கார் கம்பெனிகளே இருந்தன. அவற்றில் ஒன்றான யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் நம் சென்னையில். 2000-க்குப் பிறகு தனியார் கம்பெனிகளும் வந்துவிட்டன. புதுக் கார் வாங்குகிறவர்கள் விற்பனைக் கடைக்காரர் காட்டும் கம்பெனியிலேதான் எடுக்கவேண்டுமென்ற கட்டாயமும் கிடையாது.

இரண்டாவது, ஒப்பிடும்போது வண்டியின் மதிப்பை ஒரே தொகையாக வைத்து ஒப்பிடவேண்டும். மூன்று லட்சத்தை 2,40,000 என்று குறைத்துப் போட்டால் பழைய விகிதப்படி சுமார் ரூ. 1,900 குறைந்து காணும். வண்டி திருட்டுப்போனாலோ ரூ. 60,000 குறைந்துவிடும். இது மலிவல்ல, மாயை.

மூன்றாவது, சில்லறைச் சேதத்துக்கெல்லாம் கம்பெனியிடம் ஓடக்கூடாது. ஒரு வருஷம் நஷ்டஈடு கேட்காவிட்டால் நூற்றுக்கு 20, பின்னர் 25, 35, 45, ஐந்தாவது வருஷ முடிவில் 50 என்று தள்ளுபடி ஏறுகிறது. இரண்டு வருஷம் சும்மா இருந்தவன் மூன்றாவது வருஷத்தில் ரூ. 4,000 விலையுள்ள பிளாஸ்டிக் பம்பருக்காக ஈடு கேட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேய்மானம் பாதி போய், உரிமையாளன் ஏற்கவேண்டிய ரூ. 1,000-மும் போனால் கையில் வருவது ரூ. 1,000. இழப்பு என்ன? தள்ளுபடிக்கு முந்திய பிரீமியம் ரூ. 10,000 என்றும், அது மாறாதென்றும் கொண்டால், அடுத்த ஐந்து வருஷங்களில் முறையே 3,500, 2,500, 2,500, 1,500, 500, ஆக ரூ. 10,500!

நான்காவது, தவணை தவறக்கூடாது. பாலிஸி காலாவதியாகித் தொண்ணூறு நாள் கடந்தால் சேர்த்த சலுகையெல்லாம் போய்விடும்.

ஐந்தாவது, வண்டி குறைவாக ஓடுமானால், ஓடும் தூரத்துக்குத் தக்கபடி சொந்தச் சேதப் பிரீமியம் கட்டும் முறையை விசாரிக்கலாம். 2022-ல் இதற்கு அனுமதி வந்தது. பன்னிரண்டு வயதான, சொற்ப விலை பெறும் வண்டியாயின் மூன்றாம் நபர் இன்ஷியூரன்ஸ் மட்டுமே போதும். “இது போனால் இன்னொன்று கைப்பணத்தில் வாங்க முடியுமா?” என்று தன்னையே கேட்டுக்கொண்டால் விடை தெரிந்துவிடும்.

உரிமையாளனுக்கு ரூ. 15 லட்சத்துக்கான சொந்த விபத்துப் பாதுகாப்பையும் மறக்கக்கூடாது. அது ஏற்கெனவே வேறு பாலிஸியில் இருந்தால் இரண்டாம் முறை வாங்கத் தேவையில்லை. சிநேகிதர்களை ஓசூருக்கு ஏற்றிச்சென்று வாடகை வாங்குவது மட்டும் வேண்டாம். சொந்த உபயோகத்துக்கான பாலிஸி அதை ஒப்புக்கொள்ளாது. நியாயமான நஷ்டஈட்டைக் கம்பெனி மறுத்தால் சென்னையில் இன்ஷியூரன்ஸ் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். ஐம்பது லட்சம் வரையிலான வழக்குகளைக் கட்டணமில்லாமல் கேட்கிறார்.

பையன் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். மாலைக்குள் மூன்று கம்பெனிகளிடம் விசாரித்துவிட்டான். தள்ளுபடிக் கட்டத்தில் தன் கையாலேயே பூஜ்யம் என்று எழுதினான். விசித்திரம் என்னவென்றால், ஏஜெண்டு காட்டிய மிச்சத்தில் பெரும்பகுதி நேர்வழியிலேயே கிடைத்துவிட்டது!

புறப்படும்போது அவனுடைய தாயார், “ஒன்றும் நடக்காமல் இந்தப் பணம் வீணாகவே போகட்டும், அப்பா!” என்றாள்.

வீணாகாது. எங்கோ யாரோ ஒரு விதவையின் குழந்தைகளுக்கு அது பள்ளிச் சம்பளமாகப் போய்ச் சேரும். ஊர் கூடித் தேர் இழுக்கிறோமே, அதைப்போல ஊர் கூடித் துன்பத்தைச் சுமப்பதற்குத்தான் இன்ஷியூரன்ஸ் என்று பெயர். அந்த வடத்தில் கை வைக்க இருபத்தைந்து வயது மிகவும் பொருத்தமான வயது.