வேக ரயில் வந்தால் பழைய தண்டவாளத்துக்கு என்ன நடக்கும்?

எங்கட வாட்ஸ்அப் குழுவில் மாதத்துக்கு ஒருக்காவாவது அந்த வீடியோ வந்துவிடும். டோக்கியோ நிலையத்தில் சின்கான்சென் வந்து நிற்கும், துப்புரவுப் பணியாளர்கள் ஏறுவார்கள், ஏழு நிமிடத்தில் முழு ரயிலும் பளிச்சென்று இருக்கும். உடனே யாராவது, "எங்களுக்கும் ஒரு யாழ்தேவி இருக்குதே" எண்டு எழுதி அழுகிற முகமொன்றைப் போடுவார்கள். நாங்களும் சிரித்திருக்கிறோம். இந்த வேக ரயில் வலைப்பின்னல் எப்படி வளர்ந்தது எண்டு கொஞ்சம் தேடிப் படித்த பிறகு அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

சின்கான்சென் வெறும் விளம்பரம் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1964 ஒக்டோபர் 1ஆம் திகதி ஓடத் தொடங்கியபோது டோக்கியோவிலிருந்து ஒசாகா வரையான 515 கிலோமீற்றரை நான்கு மணித்தியாலத்தில் கடந்தது. இப்போது இரண்டரை மணித்தியாலம்கூட எடுப்பதில்லை. இத்தனை வருடத்தில் ரயில் தடம்புரண்டோ மோதியோ ஒரு பயணிகூடச் சாகவில்லை. பழைய தண்டவாளங்கள் 1067 மில்லிமீற்றர் அகலமாக இருக்க, இதற்கென்று 1435 மில்லிமீற்றரில் தனிப்பாதை போட்டார்கள். வீதிக் கடவை கிடையாது, சரக்கு ரயில் கிடையாது.

தனிப்பாதை என்றால் பழைய பாதை தன்பாட்டில் இருக்கும்தானே? அப்படித்தான் நாங்களும் நினைத்தோம்.

நாடு முழுவதும் வேக ரயில் போடுவதற்கான சட்டம் 1970இல் வந்தது. 1987இல் அரச ரயில்வேயைத் துண்டுதுண்டாக்கித் தனியார் கம்பனிகளாக்கினார்கள். நல்ல காசு தருகிற தூரப் பயணிகள் எல்லாம் வேக ரயிலுக்குப் போய்விட்டால், பக்கத்தில் ஓடுகிற பழைய பாதையின் நட்டத்தை யார் சுமப்பது? கம்பனிகளின் கவலை நியாயமானதுதான். ஆனால் 1990இல் எடுத்த முடிவைப் பாருங்கள்: புதிய பாதை திறக்கும்போது அதற்குச் சமாந்தரமான பழைய பாதையைக் கம்பனி கைவிடலாம். உள்ளூர் மாகாணம் வேண்டுமென்றால் தானே ஒரு கம்பனி தொடங்கி ஓட்டட்டும்! வேக ரயிலில் டோக்கியோவுக்குப் போகிறவருக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளையும் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆச்சியும்தான் பழைய ரயிலில் போகிறவர்கள்.

1997இல் நாகானோவுக்கு வேக ரயில் போனது. அதோடு யொகொகாவா–கருயிசாவா மலைப்பாதையை மூடி பஸ் விட்டார்கள்.

எங்களை அதிகம் உறுத்தியது ஹொக்கைடோவில் உள்ள யொய்ச்சி என்ற சின்ன ஊர். வேக ரயிலைச் சப்போரோ வரை நீட்டப் போகிறார்கள். அப்போது ஒஷமம்பேயிலிருந்து ஒதாரு வரை ஏறத்தாழ 140 கிலோமீற்றர் பழைய பாதையைக் கைவிட்டு பஸ் விடுவதாக 2022இல் முடிவானது. யொய்ச்சியிலிருந்து ஒதாருவுக்கு இருபது கிலோமீற்றர்தான். அந்தத் துண்டில் சனம் நன்றாகவே ஏறுகிறது. அதையாவது விட்டுவைக்கச் சொல்லி ஊர் கடைசிவரை கேட்டுப் பார்த்தது. பிறகு பஸ்ஸுக்குச் சம்மதித்தது. இப்போது பஸ் ஓட்டச் சாரதிகள் இல்லையாம்!

சாகா மாகாணம் மட்டும் மசியவில்லை. 2022 செப்டெம்பரில் திறந்த மேற்குக் கியூஷூ வேக ரயில் நாகசாகியிலிருந்து 66 கிலோமீற்றர் ஓடி, தகேயோ ஒன்சென் என்ற இடத்தில் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் ஃபுகுயோகாவுக்குப் போக இறங்கிச் சாதாரண ரயிலில் ஏற வேண்டும். மிச்சப் பாதை சாகாவுக்குள்ளால் போக வேண்டும். சாகா நகரத்து ஆக்கள் இப்போதே ஏறத்தாழ நாற்பது நிமிடத்தில் ஃபுகுயோகாவுக்குப் போய்விடுகிறார்கள். சில நிமிடம் மிச்சம் பிடிக்க இவ்வளவு காசு கட்டி, இருக்கிற ரயிலையும் இழக்க வேண்டுமா என்பது மாகாணத்தின் கேள்வி. இதைச் சுயநலம் என்கிறவர்கள் உண்டு. எங்களுக்கு அப்படிப் படவில்லை. சத்தமில்லாமல் சம்மதித்த ஊர்களுக்கு என்ன கிடைத்தது எண்டு பார்த்துவிட்டுத்தான் சாகா கணக்குக் கேட்கிறது.

1990இல் நின்றுபோன ரயில் 2014இல் திரும்ப யாழ்ப்பாணத்துக்கு வருவதற்கு 24 வருடம் எடுத்தது. அதனால் எங்களுக்கும் வேகத்தில் ஆசை இருக்கிறது, இல்லையெண்டு சொல்லமாட்டோம். கொழும்பிலிருந்து இரண்டு மணித்தியாலத்தில் யாழ்ப்பாணம் எண்டு நாளைக்கு யாரும் படம் போட்டுக் காட்டினால் நாங்களும் கைதட்டுவோம். கைதட்டி முடிய, மீசாலையிலும் சங்கத்தானையிலும் நிற்கிற ரயில் பிறகும் நிற்குமா, அதை ஓட்டுகிற செலவு ஆருடையது எண்டு கேட்போம்.

சப்போரோ நீட்டிப்பு 2030ஐ ஒட்டி முடிவதாக இருந்தது. சுரங்க வேலை இழுபட்டு அந்தத் திகதி கனதூரம் தள்ளிப் போய்விட்டது. அதனால் யொய்ச்சிக்கு இன்னும் பழைய பாதையில் டீசல் ரயில் வந்து போகிறது. அடுத்த முறை குழுவில் அந்த ஏழு நிமிட வீடியோ வந்தால், இந்த ரயிலின் படத்தை அதற்குக் கீழே போடுவதாக இருக்கிறோம்.