மடியும் மழலையும்

திருகோணமலைத் துறைமுகக் கரையிலே மாலையில் உலாவுதல் என் நெடுநாள் வழக்கம். அண்மையில் அங்கே ஒரு மூதாட்டி தம் மகள் வயிற்றுப் பேரனை இடுப்பில் ஏந்தி நிற்கக் கண்டேன். குழந்தைக்கு இரண்டரை வயதிருக்கும். நீரிலே நகர்ந்த கப்பலைச் சுட்டி, "கப்ப! கப்ப!" என்றது.

"ஓம் ராசா, கப்பல் போகுது. பெரிய கப்பல். எங்க போகுது?" என்றார் அம்மம்மா.

குழந்தை சற்றே சிந்தித்து, "அம்மாட்ட" என்றது.

வினவியபோது, தாய் வீட்டுப் பணிக்காகக் குவைத் சென்று மூன்று திங்களாயிற்று என அறிந்தேன்.

அம்மூதாட்டி கல்வி கற்றவரல்லர். ஆயினும் அவர் செய்தது யாது? குழந்தையின் அரைச்சொல்லை எள்ளவில்லை. அதனை முழுச்சொல்லாக்கி, வாக்கியத்தில் அமைத்துத் திருப்பித் தந்தார். பின்னர் வினாவொன்றைத் தொடுத்து விடைக்காகப் பொறுத்திருந்தார். குழந்தைக்கு மொழி வளர்க்கும் கலையின் சாரம் இம்மூன்றினுள் அடங்கும்.

ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளையுடைய தாய்மார் பணிப்பெண்களாக வெளிநாடு செல்வதை நம் அரசு 2013ஆம் ஆண்டிலே கட்டுப்படுத்தியது. பொருளாதார நெருக்கடி முற்றிய 2022இல், அமைச்சரவை அனுமதியுடன் அவ்வெல்லை இரண்டு வயதாகக் குறைக்கப்பட்டது. வறுமை துரத்தச் செல்லும் தாயைக் குறைகூற யான் துணியேன். தந்தை கடல் கடந்தால் எவரும் கேளாத வினாவைத் தாயிடம் மட்டும் கேட்பதும் முறையன்று. எனினும், இரண்டு வயது என்பது சொல்லோடு சொல் கோத்துப் பேசத் தொடங்கும் பருவம். அப்பருவத்தே தாயின் குரல் அகலுமாயின், அவ்விடத்தை நிரப்புவது யாது?

பல இல்லங்களில் கைப்பேசியே நிரப்புகின்றது. அது ஓயாது பேசும். ஆனால் குழந்தையின் மறுமொழிக்குக் காத்திராது. நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகள் 36 பேரை ஆராய்ந்து அமெரிக்க அறிஞர் 2018இல் வெளியிட்ட முடிபு ஈண்டு நினையத்தக்கது. செவியில் விழுந்த சொற்களின் தொகையைக் காட்டிலும், பெரியவரும் குழந்தையும் மாறிமாறி உரையாடிய தடவைகளே மூளையின் மொழிப்பகுதியின் தொழிற்பாட்டோடு நெருங்கிய தொடர்புடையன என்பது அது. இரண்டு வயது நிறையும்வரை திரைக்காட்சி தகாது என்றும், அதன்மேல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தை விஞ்சலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது.

இவ்வுண்மையை நம் முன்னோர் வேறு வகையால் உணர்ந்திருந்தனர். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்று தாலப்பருவம். தால் என்பது நா. சொல்லறியாக் குழவிக்கும் நாவசைத்துப் பாடினர். பேச்சு பிறக்குமுன்னரே அதற்குத் தொட்டில் கட்டினர்.

ஆதலின் ஆசிரியத் தோழர்களுக்கு ஒன்று கூறுவேன். குழந்தையோடு ஆங்கிலமே பேசுங்கள் என்றோ, கொச்சை நீக்கிப் பேசுங்கள் என்றோ அம்மம்மாமாரை அச்சுறுத்தற்க. இலக்கணத்தை யாம் பள்ளியிற் கற்பிப்போம். அதற்கு நிலம் அவர்தம் பேச்சே. கைப்பேசியையும் முற்றாக விலக்கவேண்டியதில்லை. கடலுக்கப்பால் உள்ள தாய் அதன்வழியே வினவி, விடைக்குக் காத்திருப்பாளாயின், அதுவும் ஒரு மடியே. இரண்டு வயது நிறைந்தும் இரு சொற்களை இணைத்துப் பேசாத குழந்தையை மட்டும், "தானே பேசும்" என்று விட்டுவிடாது, குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டிச் செவிப்புலனைச் சோதிப்பித்தல் வேண்டும்.

அன்று கப்பல் மறையுமட்டும் அவ்விருவரும் பேசிக்கொண்டே நின்றனர். தாய் மீளும் நாளில் அவளோடு பேசுதற்கு அக்குழந்தையிடம் சொற்கள் இருக்கும்.